‘நரம்பு’ என்று சொல்லி உள்ளே போனவர்கள்

விசாரணை நடந்த புதன்கிழமை அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பாதுகாப்பு அதிகாரி வரதராஜன். அவருடைய விருந்தாளி, அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர். சாட்சி சொல்ல, வின்ச் இயக்கும் சலீம். குறிப்பு எழுத, வாசல் பாஸ் குமாஸ்தாவான நான். இல்லாதவர் தேவகி அக்கா. தூண்டில் முள் ஏறியது அவருடைய கையில். விசாரணை அவரைப் பற்றியது. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று கேட்டுக்கு வெளியே காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவர் நிற்பது அந்த அறையின் ஜன்னலிலிருந்து தெரியும். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இத்தனை ஆண்டு கழித்து இதை எழுதக் காரணம் ஒரு துண்டுப்பிரசுரம். எண்ணூர்ப் பக்கம் கடலுக்குள் நீளும் எங்கள் நிறுவனத்தின் பழைய பாலத்தை இப்போது ஒரு தூண்டில் மன்றத்துக்கு விட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘தொடக்கநிலையாளர்களுக்கான கடல் மீன்பிடி வகுப்பு’ நடக்கிறதாம். இன்னும் அங்கே வேலையில் இருந்துகொண்டு அந்த வகுப்பையும் நடத்தும் இரண்டு தம்பிகள் பிரசுரத்துக்காக என்னைத் தேடி வந்தார்கள்.

“ண்ணா, பாலத்துல எப்டி ஆரம்பிக்கிறதுன்னு ரெண்டு பக்கம் எய்திக் குடு. நீதானே ஒம்போது வருசம் அங்க குந்திகினு இருந்தவன்.”

“என்னென்ன எழுதணும்?”

“முள்ளு, எர, நரம்பு. அவ்ளோதான். மத்த பேஜாரெல்லாம் வோணாம். படிக்கிறவனுக்கு ஆச வரணும்.”

முள்ளும் இரையும் நரம்பும் எழுதுகிறேன். மற்றதையும் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு அந்தப் பாலத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்ற ஊழியன். வயது முப்பத்தொன்று. நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது எங்களுக்குக் கொடுத்த தாளில் ‘விருப்ப ஓய்வு’ என்று அச்சாகியிருந்தது. யாருடைய விருப்பம் என்று அதில் போடவில்லை. வீடு வியாசர்பாடி போர்டு குடியிருப்பில். அப்பா பேசின் பிரிட்ஜ் யார்டில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் பட்டப்படிப்பு முடித்த கையோடு வாசல் குமாஸ்தா வேலை கிடைத்தது. மூன்று மாதம் பயிற்சி. லாரி எண் எழுதுவது, ஆள் எண்ணுவது, பாஸ் கிழிப்பது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது பாலத்தைப் பற்றி. நிறுவனத்தின் தாள்களில் அது ‘ஜெட்டி’. அந்தச் சொல்லை நான் முதல் நாள் வாய்விட்டுச் சொன்னபோது வாசலில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அன்றோடு நானும் பாலம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். சரக்குக் கப்பல் அங்கே வருவது நின்று பல காலம் ஆகிவிட்டது. சுமை இழுக்கும் பழைய வின்ச் ஒன்றும் இரண்டு இழுவைப் படகுகளும்தான் மிச்சம். பக்கத்துக் குப்பத்தில் படகு இல்லாதவர்கள் ஒன்பது பேர் தினமும் பாலத்தின் நுனியில் உட்கார்ந்து கையால் தூண்டில் போடுவார்கள். அவர்களுக்குப் பாஸ் கிடையாது. காலி பாட்டிலில் சுற்றிய நைலான் தூண்டில் நரம்பைக் காவலாளியிடம் தூக்கிக் காட்டி, “நரம்பு” என்பார்கள். அவர், “போ” என்பார். அவ்வளவுதான் நடைமுறை. எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தாவும் அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

அந்த ஒன்பது பேரில் ஒரே பெண் தேவகி அக்கா. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். விடிந்ததும் வருவார், பத்து மணிக்குள் பிடித்ததைத் திருவொற்றியூர் மார்க்கெட் வாசலில் விற்றுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்பார். பாலத்து மீனுக்கு ஐஸ் வைக்க வேண்டியதில்லை, வாங்கிப் போனவர் வீட்டில்தான் வால் அடிப்பதை நிறுத்தும் என்று கூவுவார்.

நான் மீன் பிடிக்க ஆரம்பித்தது ஒரு மதிய இடைவேளையில். சலீமும் நானும் ஒரே வயது. அவன் ராயபுரம், தொழிலாளி வீட்டுப் பிள்ளை, ஆனால் கடலில் கால் வைக்காதவன். இருவரும் ஆளுக்கொரு நரம்புச் சுருள் வாங்கிக்கொண்டு போய்த் தூணை ஒட்டி நிழலில் இறக்கினோம். ஐந்து நிமிடத்தில் இரண்டும் அறுந்தன. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னா கையெய்த்து, தூணயா புடிக்க வந்த?”

என்னை அவர் ‘கையெழுத்து’ என்றுதான் கூப்பிடுவார். தூணில் கடல் மட்டம் வரை சிப்பி ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பிளேடு. ஆகவே தொடங்குகிறவர்களுக்கு முதல் சங்கதி: தூணை விட்டு இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் கை விரித்த நீளம், தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது எடை. ஈயக் குண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட ஸ்பார்க் பிளக் போதும். அதை நரம்பின் அடி நுனியில், நரம்பைவிடப் பலம் குறைந்த நூலால் கட்டுங்கள். கல்லில் சிக்கினால் நூல் மட்டும் அறும், முள்ளும் மீனும் உங்களுக்கு வரும். எடைக்கு ஒரு முழம் மேலே ஒரு முள், அதற்கு மேல் இன்னொன்று. இரைக்குச் சின்ன எறா. தலையைக் கிள்ளிவிட்டு வாலிலிருந்து கோத்து, முள்ளின் நுனி மட்டும் வெளியே தெரிய வையுங்கள். எடை தரையைத் தொட்டதும் நரம்பு தளரும். அப்போது ஒரு சாண் தூக்கிப் பிடியுங்கள்.

பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நரம்பை வலது கை ஆள்காட்டி விரலின் மேல் கிடத்திவிட்டு அந்த விரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். காரல் மீன் எறும்பு போலக் கொறிக்கும். கிழங்கான் கதவைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டும். இரண்டாவது தட்டுக்கு இழுக்க வேண்டும். நண்டு தட்டாது, வெறுமனே கனக்கும். அக்கா கடலைப் பார்த்ததே இல்லை. எங்களோடு வாயாடிக்கொண்டே இருப்பார், நடுவில் ஒரு நொடி நிறுத்திவிட்டுக் கையை வெட்டி இழுப்பார், கிழங்கான் மேலே வரும். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார். கெளுத்தி வந்தால் தொடக் கூடாது, முதுகிலும் பக்கத்திலும் விஷ முள் இருக்கிறது என்று எல்லோரும் சொல்லியும் நான் தொட்டேன். சலீம் என்னைத் தூக்கிக்கொண்டு கேண்டீனுக்கு ஓடி வெந்நீரில் கையை முக்கினான். அன்று கடைசியாகத் தொட்டதுதான்.

இரண்டாண்டு கழித்து வரதராஜன் வந்தார். அவரைப் பற்றி நல்லதையும் எழுதுவதுதான் நியாயம். குரலை உயர்த்த மாட்டார். எந்தத் தாளையும் இரண்டு தடவை படிப்பார். முதல் தடவை மனதுக்குள், இரண்டாம் தடவை வரிக்கு வரி விரல் வைத்து மெதுவான குரலில். என் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. ஆனா ஒரு கட்டத்தையும் காலியா விடாத தம்பி. காலிக் கட்டத்துல நாளைக்கு எவன் வேணாலும் எதை வேணாலும் எழுதுவான்” என்றார். எங்கள் வீட்டில் யாரும் எனக்கு இப்படி ஒன்றைச் சொல்லித் தந்ததில்லை. அவர் சொன்னதெல்லாம் வேதம் என்றிருந்தேன். ஒருவருக்கு இல்லை என்று சொல்லப் போகிறார் என்றால் முதலில் அவருக்கு டீ வரவழைப்பார் என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

இனி எழுத்துப் பாஸ் இல்லாமல் யாரும் பாலத்தில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஒன்பது பேருக்கும் விண்ணப்பம் நிரப்பும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெயர், வயது, முகவரி எல்லாம் சுலபம். ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம். “இன்னா போடணும், நரம்புன்னு போடு” என்றார் அக்கா. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆபீஸ் தாளில் நரம்பு என்று எழுதுவதா? இரண்டு நாள் அகராதியைப் புரட்டி, ஒன்பது படிவத்திலும் தூண்டில் போடுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஆங்லிங்’ என்ற சொல்லை அழகாக எழுதினேன். ஒன்பது பேரும் கைநாட்டு வைத்தார்கள். தேவகி அக்காவின் கட்டை விரலை மையில் உருட்டி வைத்தவனும் நான்தான்.

வரதராஜன் இரண்டு தடவை படித்தார். டீ வந்தது.

“ஆங்லிங்னா ஸ்போர்ட் தம்பி. பொழுதுபோக்கு.”

“இல்ல சார். அவங்களுக்கு அதுதான் பொழப்பு.”

“பொழப்புன்னா தொழில். தொழில்னா படகுப் பதிவு எண் எழுது.”

“படகு இல்ல சார். இல்லாததாலதான் பாலத்துக்கு வர்றாங்க.”

“படகு இல்லாத மீனவர்னு இந்தப் படிவத்துல ஒரு இடம் இருக்கா? நீயே பாரு.”

பார்த்தேன். இல்லை.

“அப்ப பொழுதுபோக்கு. ‘சொந்தப் பொறுப்பில்’னு முத்திரை போட்டுக் குடுத்துடு. டீயைக் குடி, ஆறுது.”

பாஸைக் கொண்டுபோய்க் கொடுத்து அதில் உள்ளதைப் படித்துக் காட்டியபோது அக்கா தன் கூட்டாளிகளைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“கேட்டுக்கினீங்களாடா? நம்ம பொயுது போகாம வந்துகினு கீறோமாம். காத்தால அஞ்சு மணிக்கு, சோறு ஆக்காம, புள்ளங்கள எய்ப்பாம, பொயுது போகாம வந்துகினு கீறேன் நானு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே விட்டால் சரி, முத்திரையில் என்ன இருந்தால் என்ன என்று அன்று நினைத்தேன். படித்தவன் நினைக்கக் கூடாத நினைப்பு அது.

அதற்கு அடுத்த ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை, வரதராஜனின் விருந்தாளி வந்தார். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளமான கம்பு, பளபளக்கும் சக்கரம், கொம்பு மாதிரி மூன்று முனை உள்ள முள். கம்பால் வீசுவதற்கு ஒரு விதி உண்டு. வீசும் முன் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், ‘வீசுறேன்’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முள் முதலில் போவது கடலுக்கு அல்ல, உங்கள் முதுகுக்குப் பின்னால். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

“சார், பின்னாடி ஆளு போவுது, பாத்து வீசுங்க” என்றான் சலீம்.

“எனக்குத் தெரியும்பா” என்றார் அவர். திரும்பவில்லை.

பாட்டிலோடு பின்னால் நடந்து வந்த அக்கா, முகத்துக்கு நேரே வந்த முள்ளைக் கையால் மறித்தார். வலது கை, ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கியது. அத்தோடு நின்றிருக்கலாம். கம்பு கனத்ததும், ஏதோ சிக்கிவிட்டது என்று அந்த மனிதர் இன்னொரு இழு இழுத்தார். அக்கா கத்தவில்லை. “தோ, தோ, வுடு, வுடு” என்று கடற்கரையில் குழந்தையைக் கூப்பிடுகிற குரலில் சொல்லிக்கொண்டே இழுத்த பக்கம் நடந்தார். சலீம் கத்தியால் நரம்பை அறுத்தான். முள்ளும் ஒரு சாண் நரம்பும் கையிலேயே தொங்கின.

நான் கூடப் போகிறேன் என்றேன். “நீ ரிப்போர்ட் எழுது, ஞாபகம் புதுசா இருக்கும்போதே” என்றார் வரதராஜன். சலீமையாவது அனுப்பலாமா என்று கேட்டதற்கு, அவன் வின்ச்சை விட்டுப் போகக் கூடாது என்றார். ஆட்டோ வந்தது. அக்கா தனியாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் உட்கார்ந்து எழுதினேன். அச்சு மாதிரி எழுதினேன்.

புதன்கிழமை விசாரணையில் சலீம் நடந்ததை நடந்தபடி சொன்னான். விருந்தாளி, அந்த அம்மாள் குறுக்கே வந்தார் என்றார். வரதராஜன் அக்காவின் விண்ணப்பத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தார். “நோக்கம், ஆங்லிங். விளையாட்டுக்குன்னு அவங்களே எழுதியிருக்காங்க. விளையாட்டுல அடிபட்டா நிறுவனம் என்ன செய்யும்? சொந்தப் பொறுப்பில்னு முத்திரையும் இருக்கு.”

“சார், அது நான் எழுதின வார்த்தை.”

“எழுதினது நீ. கைநாட்டு அவங்களோடது.”

இதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ‘ஜன்னல் வழியா பாருங்க சார், வெளியிலதான் நிக்கிறாங்க, கூப்பிட்டுக் கேளுங்க’ என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பட்டப்படிப்பு கூட வேண்டாம். நான் குறிப்பின் கீழே கையெழுத்துப் போட்டேன். பாதுகாப்பை உத்தேசித்து ஒன்பது பாஸும் ரத்து என்பது கடைசி வரி. விருந்தாளியின் பாஸைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மாலையில் அக்கா முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் லாரி போகும் பின் வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் சலீம் என்னைப் பிடித்து நிறுத்தினான்.

“மாமு, அக்கா ரோட்டோரம் கல்லு கொட்டிக் கீறாங்களே, அங்க குந்திகினு நரம்பு போடுது. மீனு கடிச்சிகினே கீது. அது பாட்டுக்கு பேசிகினே கீது. இயுக்கவே மாட்டேங்குது. இன்னான்னு போயி பாரு. படிச்சவன்தானே நீ.”

கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய அந்தக் கற்களில், பாஸ் கேட்காத இடத்தில், அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், “வா கையெய்த்து, பொயுது போவுலயா?” என்றார். காயம் ஆறியிருந்தது. நரம்பு வழக்கமான விரலின் மேல் கிடந்தது. அது துடிப்பது என் கண்ணுக்கே தெரிந்தது. அக்கா அசையவில்லை.

“அக்கா, கடிக்குது.”

“அப்டியா? தெர்லபா. மரக்கட்டயாட்டம் கீது இந்த வெரலு. சரியாப் பூடும்.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“நல்ல மன்சன்பா. முள்ள எட்த்தாரு. கைல தொங்கிகினு இருந்த நரம்ப கத்திரியால கட் பண்ணாரு. ‘நரம்பு அறுந்திருக்கும்மா, வெள்ளிக்கெயம வா, சேத்துத் தெச்சிடலாம்’னாரு. நான் சொல்ட்டேன், ‘அது என் நரம்பு இல்ல டாக்டரே, அந்தத் தொப்பிக்காரனுது. அறுந்தா அறுந்துட்டுப் போவுது. என் நரம்பு நல்லா கீது’ன்னு. நர்சம்மா வியுந்து வியுந்து சிரிச்சிச்சி. அதுக்குள்ள அடுத்த ஆள இட்டாந்துட்டாங்க.”

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் இரண்டு வரி. வலது ஆள்காட்டி விரலின் உணர்வு நரம்பு அறுந்துள்ளது. வெள்ளிக்கிழமை அறுவைப் பிரிவுக்குத் தவறாமல் வரவும். அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தப் புதன்கிழமை அவருக்கு நாற்பதடி தூரத்தில் உட்கார்ந்து வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

படித்துச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அக்கா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒடம்புக்குள்ள கீறதுக்கும் அத்தே பேரா?” என்றார்.

மறுநாள் விடுப்புப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இனி செய்து பயனில்லை, நாள் கடந்துவிட்டது என்றார்கள். ஒரு நரம்பு அறுந்திருக்கிறது என்று சொன்னால் நோயாளிக்குப் புரிந்ததா என்று இன்னொரு தடவை கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. விளையாட்டு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அக்காவைக் கேட்க எங்கள் ஆபீசில் யாருக்கும் மனமில்லை. நிறுவனத்துக்கு மூன்று மனு எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: கோப்பு முடிக்கப்பட்டது. மற்ற எட்டுப் பேரில் பாதிப் பேர் மூட்டை தூக்கப் போய்விட்டார்கள்.

அக்கா இடது கைக்கு மாறிவிட்டார். நாற்பது வயதுக்கு மேல், பாட்டிலைப் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பித்தார். “இந்தக் கைக்கு மீன் பேசுறது இன்னும் புர்ல. கத்துக்கும்” என்கிறார். நான் வேலையில் இருந்தவரை அவர் ஒரு நாளில் பிடித்தது முன்பு பிடித்ததில் பாதிகூட இல்லை. தூண்டில் வகுப்பு நடத்தும் தம்பிகளே, தொடக்கநிலையாளர் என்றால் யார் என்று கேட்டீர்களானால், எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் இப்போது பாலத்துக்குள் போக வேண்டுமானால் உங்கள் மன்றத்தில் உறுப்பினராக வேண்டும்.

விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்று, ஒப்படைக்க வேண்டிய கோப்புகளில் அக்காவுடையதும் இருந்தது. திறந்து பார்த்தேன். விண்ணப்பம், கைநாட்டு, நான் எழுதிய ரிப்போர்ட், நான் எழுதிய விசாரணைக் குறிப்பு, என் மூன்று மனுக்கள். கடைசியில் குண்டூசி குத்திய ஒரு செலவுச் சீட்டு. ஒன்பது பேருடைய இடத்துக்கும் ஒரு விரலுக்கும் சேர்த்து நிறுவனத்துக்கு ஆன மொத்தச் செலவு அதில் இருந்தது: ஆட்டோ கூலி, ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும், அறுபது ரூபாய்.